பிறந்த மேனியும் பால்டிக் கடலும்

(பத்தாம் ஆண்டு விழா அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



ஆடையின்மையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அம்மணம் என்கிறோம், அது திசையையே ஆடையாகக் கொண்ட அமணத் துறவியரின் பெயரிலிருந்து வந்தது என்பர். நிர்வாணம் என்கிறோம்; அதே சொல் பௌத்தத்தில் வீடுபேற்றைக் குறிக்கிறது. பிறந்த மேனி என்கிறோம்; அதில் குழந்தையின் நினைவு இருக்கிறது. ஒரு சொல்லில் துறவு, ஒரு சொல்லில் விடுதலை, ஒரு சொல்லில் பிறப்பு. ஆயினும் பேச்சு வழக்கில் இம்மூன்றும் வெட்கத்தையே சுமக்கின்றன. ஆள் பாதி ஆடை பாதி என்ற பழமொழியின்படி, ஆடையை இழந்தவன் பாதி ஆளையும் இழந்துவிடுகிறான். நட்புக்கு உவமை தேடிய வள்ளுவரும் ஆடை நழுவும் கணத்தையும், அதைப் பற்ற விரையும் கையையுமே தேர்ந்துகொண்டார்.

ஆடையைத் தானே களைந்து வைத்துவிட்டுக் கடலுக்குள் நடக்கும் வழக்கம் உடைய ஒரு கரையைப் பற்றியது இவ்வுரை. அது ஜெர்மனியின் வடகிழக்கிலுள்ள பால்டிக் கடற்கரை. அவ்வழக்கத்தை அங்கே எஃப்.கே.கே. என்ற மூன்றெழுத்தால் குறிக்கிறார்கள். 'ஃப்ரைகோர்ப்பர்குல்டூர்', அதாவது கட்டற்ற உடலின் பண்பாடு, என்பதன் சுருக்கம் அது. 'பண்பாடு' என்ற சொல் அதில் வந்து அமர்ந்திருப்பது கவனிக்கத் தக்கது. களியாட்டம் என்றோ கேளிக்கை என்றோ அவர்கள் அதற்குப் பெயரிடவில்லை.

முதலில் அக்கரையின் தோற்றம். ரொஸ்டொக் நகருக்கும் ஸ்ட்ரால்சுண்ட் நகருக்கும் இடையே ஃபிஷ்லாண்ட், தார்ஸ், ஸிங்ஸ்ட் என்ற மூன்று நிலத்துண்டுகள் ஒன்றாய் இணைந்து ஒரு தீபகற்பமாகக் கடலுக்குள் வளைந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் நாணல் சூழ்ந்த ஆழமற்ற உப்பங்கழி. ரிப்னிட்ஸ் என்ற சிற்றூர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஆரென்சூப் என்ற கிராமம் வரும். கடலை நோக்கிய களிமண் மேடு, நாணல் வேய்ந்த கூரைகள், கூரைக்கு மேல் பெரிய வானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர் பவுல் முல்லர் கேம்ப்ஃப் அங்கே குடியேற, அவரைத் தொடர்ந்து ஓவியர் குடியிருப்பு ஒன்று உருவானது. 1918ஆம் ஆண்டுக் கோடையில் ஐன்ஸ்டைன் அங்கே ஓய்வெடுத்தார்.

ஆரென்சூப்புக்கு வடக்கே தார்ஸ் காடு. அக்காட்டை நடந்தோ சைக்கிளிலோ கடந்தால்தான் மேற்குக் கரையை அடைய முடியும், கார் செல்லாது. அங்கே விடுதி இல்லை, கடை இல்லை. காடு நேராகக் கடலில் வந்து முடிகிறது. மேற்குக் காற்று இடைவிடாது மோதியதால் கரையோர மரங்கள் யாவும் கிளைகளை நிலத்தின் பக்கமே நீட்டிச் சாய்ந்து நிற்கின்றன. காற்றுக்கு அஞ்சி ஓடுபவை என்று பொருள்படும் பெயரால் அம்மரங்களை அவ்வூரார் அழைக்கிறார்கள். புயலில் விழுந்த அடிமரங்கள் எலும்பு போல் வெளுத்து மணலில் கிடக்கின்றன. வடமுனையில் 1848ஆம் ஆண்டில் எழுந்த செங்கல் கலங்கரை விளக்கம். இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் கொக்குகள் தெற்கே போகும் வழியில் உப்பங்கழியில் இறங்கித் தங்குகின்றன.

இக்கரையில் ஆடையின்றிக் குளிக்கும் இடங்களைக் கண்டறிவது கடினமன்று. பிரெரோ, ஸிங்ஸ்ட் போன்ற ஊர்களில் மணல்மேட்டின் ஊடே கடலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் பலகைகள் நிற்கும். ஒரு பகுதியில் எஃப்.கே.கே. என்றிருக்கும், அடுத்த பகுதியில் 'டெக்ஸ்டில்', அதாவது துணி, என்றிருக்கும், வேறொரு பகுதி நாய்களுக்கு. ஆடை அணிந்தவரைத் 'துணியினர்' என்று குறிக்கும் நகைச்சுவை அங்கே சட்டத்தின் மொழியாகவே ஆகிவிட்டது. பிரான்சிலும் குரோஷியாவிலும் இத்தகைய இடங்கள் பெரும்பாலும் வேலியும் வாயிலும் கொண்ட தனிக் குடியிருப்புகளாக வளர்ந்தன. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய மோந்தாலிவேயும், 1961ஆம் ஆண்டில் திறந்த கோவெர்சாடாவும் அவ்வகையின. பால்டிக் கரையில் வேலி இல்லை. ஒரு பலகை, அதற்கு அப்பால் அதே மணல், அதே அலை. தாத்தாவும் பேத்தியும், தச்சரும் பேராசிரியரும் அங்கே ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

எழுதாத விதிகள் சில உண்டு. உட்காருமிடத்தில் துண்டு விரிக்க வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது. படக்கருவியை வெளியே எடுக்கக் கூடாது. உணவுக் கடைக்குப் போகும்போது உடுத்திக்கொண்டு போக வேண்டும். ஆடையுடன் கரையோரம் நடந்து செல்பவர் நிற்காமல் கடந்து செல்வார். ஆகஸ்டிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். காற்றும் சேர்ந்தால், மோகத்தை நாடி அங்கே போனவர் நடுக்கத்தோடுதான் திரும்புவார்.

இவ்வழக்கத்தின் வரலாறு கவிஞர்களுக்கு உரிய வரலாறு. ஏனெனில் அதில் அரசும் எழுத்தும் மோதிக்கொள்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், புகை சூழ்ந்த தொழில் நகரங்களுக்கு எதிர்வினையாக வெயிலையும் காற்றையும் உடலுக்கு மீட்டுத்தரும் இயக்கங்கள் ஜெர்மனியில் எழுந்தன. 1920களில் ஆசிரியர் அடால்ஃப் கோக், பெர்லினின் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆடையின்றி உடற்பயிற்சி கற்பித்தார். அதே காலத்தில் ஹான்ஸ் சூரென் போன்றோர் அதே வெயிலையும் அதே உடலையும் இனப் பெருமைக்குக் கொடியாக்கினர். 1933 மார்ச்சில் பிரஷ்ய உள்துறை அம்மணப் பண்பாட்டுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. தொழிலாளர் சார்ந்த சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. ஆனால் அவ்வாட்சியே பின்னர், 1942ஆம் ஆண்டில், ஒதுக்குப்புறங்களில் ஆடையின்றிக் குளிப்பதை அனுமதித்தது. ஆடையைக் களைவதே விடுதலை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உடலைக் கல்லாக்கிப் பீடத்தில் நிறுத்தும் அரசும், உடலைக் கண்டு முகம் சுளிக்கும் அரசும் ஒன்றாகவே இருக்க முடியும்.

போருக்குப் பின் இக்கரை கிழக்கு ஜெர்மனியின் பகுதியாயிற்று. ஆரென்சூப் எழுத்தாளரும் கலைஞரும் ஓய்வெடுக்கும் ஊராயிற்று. அவர்களுள் பலர் பழைய வழக்கப்படி ஆடையின்றிக் குளித்தனர். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1954ஆம் ஆண்டில் தடை வந்தது. அவ்வாண்டிலேயே பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் யோஹான்னஸ் பெக்கர். அந்நாட்டின் தேசிய கீதத்தை எழுதிய கவிஞர். ஆடையின்மையை அவர் விரும்பவில்லை.

அவரைப் பற்றி அக்கரையில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஆரென்சூப் மணலில் ஒரு பெண்மணி செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு ஆடையின்றிப் படுத்திருந்தாராம். வயது முதிர்ந்த உடல். பெக்கர் அவரைக் கிழட்டுப் பன்றி என்று ஏசினாராம். செய்தித்தாள் விலகியது, உள்ளே இருந்த முகம் 'ஏழாவது சிலுவை' நாவலை எழுதிய அன்னா செகர்ஸ். பின்னர் தேசியப் பரிசு வழங்கும் விழாவில் பெக்கர் 'என் அன்புக்குரிய அன்னா' என்று தொடங்க, 'உமக்கு நான் கிழட்டுப் பன்றிதான்' என்று அவர் பதில் சொன்னாராம்.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இக்கதை தடுமாறுகிறது. செகர்ஸ் தேசியப் பரிசு பெற்றது 1951இலும் 1959இலும் 1971இலும். பெக்கர் அமைச்சரானது 1954இல். அவர் இறந்தது 1958இல். அமைச்சர் பெக்கர் செகர்ஸுக்கு அப்பரிசை வழங்கியிருக்க வழியில்லை. ஆயினும் கதை சாகவில்லை. ஏன்? ஆடையுடன் நின்ற அதிகாரத்தை, ஆடையற்ற எழுத்து ஒரே வாக்கியத்தால் வென்றது என்று நம்ப மக்கள் விரும்பினார்கள். நடந்ததைச் சொல்வது பதிவேடு. நடந்திருக்க வேண்டும் என்று ஊர் விரும்பியதைச் சொல்வது கதை.

அக்கதைக்குள் மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உடல் முழுதும் தெரிந்தபோது அப்பெண்மணி யாரோ ஒருவர். முகம் தெரிந்த கணத்தில் அவர் அன்னா செகர்ஸ். மனிதரை மனிதராய்க் காட்டுவது உடல் அன்று, முகம். உடலை மறைக்கத் துணி நெய்தவர்கள், மறைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெதையோ மறைத்திருக்கிறார்களோ என்ற ஐயத்தை அச்செய்தித்தாள் எழுப்புகிறது.

தடை நிலைக்கவில்லை. விடுமுறைக்கு வந்தவர்கள் அரசுக்கு மனுமேல் மனுவாக எழுதினர். எழுத்தாளரும் அறிஞரும் அதில் சேர்ந்துகொண்டனர். 1956 மே மாதத்தில் அரசு இறங்கிவந்து, உரிய அடையாளமிட்ட இடங்களில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று ஆணையிட்டது. இன்று மணல்மேட்டில் நிற்கும் பலகைகளின் முன்னோர் அவை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அது ஒரு நாட்டின் பொது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதே கரை நாட்டின் எல்லையாகவும் இருந்தது. பகலில் மக்கள் ஆடையின்றிக் கிடந்த மணலை இரவில் தேடொளி விளக்குகள் தடவின. கூலுங்ஸ்போர்ன் ஊரில் அக்காலக் காவற்கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பல ஆயிரம் பேர் அக்கடல் வழியே தப்ப முயன்றனர். மிகப் பலர் பிடிபட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1971ஆம் ஆண்டுக் கோடையில் இளம் மருத்துவர் ஒருவர் கூலுங்ஸ்போர்னில் கடலில் இறங்கி, ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் நீந்தி, மேற்கு ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவை நெருங்கியபோது ஒரு படகு அவரை ஏற்றிக்கொண்டது. ஆடையைக் களைய உரிமை இருந்தது. அடிவானத்தைத் தாண்ட உரிமை இல்லை. தோலுக்கு விடுதலை கொடுத்த அரசு, அத்தோல் போர்த்த மனிதருக்கு அதைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் அவ்வழக்கம் அரசு கொடுத்த பொம்மைதானா? அப்படிச் சொல்வது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. அது கொடுக்கப்பட்டதன்று, மனு எழுதி வாங்கப்பட்டது. கட்சிச் சின்னம், சீருடை, பதவிப்பட்டை ஆகிய எதையும் குத்திக்கொள்ள இடமில்லாத ஒரே பொது இடம் அம்மணல்தான். அங்கே சில மணி நேரம் எவரும் எவருக்கும் மேலதிகாரி அல்லர். சிறிய விடுதலை, பெரிய விடுதலைக்கு ஈடாகாத விடுதலை, ஆயினும் பொய்யன்று.

1989இல் சுவர் வீழ்ந்தது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. தார்ஸ் காடும் மேற்குக் கரையும் அவ்வாண்டே தேசியப் பூங்காவாகிக் காப்பாற்றப்பட்டன. ஆனால் மேற்கிலிருந்து வந்த விருந்தினரும் விடுதி முதலாளிகளும் ஆடையற்ற கரையைக் கண்டு முகம் சுளித்தனர். ஊருக்கு அருகிலுள்ள நல்ல மணற்பகுதிகள் துணியினருக்குப் போயின. மூன்றெழுத்துப் பலகைகள் ஒதுக்குப்புறம் நகர்ந்தன. அடிவானம் திறந்தபோது கரை சுருங்கியது. 2007 டிசம்பரில் போலந்து எல்லையில் சோதனைச் சாவடிகள் நீங்கியதும், ஊசெடோம் தீவில் கரையோரம் நடந்து வந்த போலந்து மக்கள் ஜெர்மானியரின் வழக்கத்தைக் கண்டு திகைத்தனர். ஒரே மணலில் இரு நாணங்கள் சந்தித்தன. நாணம் இயற்கையன்று, அதுவும் ஒரு தாய்மொழி என்பது அங்கே தெரிந்தது.

இப்போது வந்திருக்கும் இடர் அமைச்சரிடமிருந்து வரவில்லை. ஒவ்வொரு சட்டைப் பையிலும் படக்கருவி இருக்கிறது. ஒரு கணம் போதும், முகமும் உடலும் ஒன்றாகக் களவு போய்விடும். பார்த்தவர் மறந்துவிடுவார் என்ற உறுதியின் மேல்தான் அவ்வழக்கம் நின்றது. கருவி மறப்பதில்லை. இளையவர் அங்கே ஆடை களையத் தயங்குவதற்கு வெட்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, நம்பிக்கை குறைந்துவிட்டது.

கவிஞர் பெருமக்களே, கவிதை எழுதுவோரும் அத்தகைய நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறார்கள். மனத்தின் ஆடையைக் களைந்து ஒருவர் அவையில் நிற்கும்போது, கேட்பவர் உற்று நோக்கி எள்ளாமல், களவாடிச் சென்று ஊரில் விற்காமல், தாமும் அதே மண்ணில் பிறந்த மேனியாய்ப் பிறந்தவர்தாம் என்று உணர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். அந்த மரியாதை இல்லாத அவையில் கவிஞர் அணிகளை மட்டும் அணிந்துகொண்டு வருவார். உள்ளே இருப்பவர் வரமாட்டார். பத்து ஆண்டுகளாக இம்மன்றம் அந்த மரியாதையைக் காத்து வந்திருக்கிறது. வேலியின்றி, ஒரு பலகையின் துணையோடு மட்டும் அதை இன்னும் நெடுங்காலம் காக்கட்டும்.