தொழிலாளியின் குதிகாலும் அதிர்ச்சி அலையும்

சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவருக்குக் குதிகால் வலி பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மறுநாள் விடியற்காலையில், பாயை விட்டெழுந்து முதலடி வைக்கும்போதுதான் ஆணி அறைந்தாற்போல் குத்துகிறது. பத்தடி நடந்தால் தணிகிறது. தணிந்துவிட்டதே என்று அவர் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுகிறார். இப்படியே ஓராண்டு கழிந்துவிடுகிறது.

ஒசூரில் எனக்கு அறிமுகமான ஓர் இளைஞரின் கதை இது. 1970-களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகும் ஊராக ஒசூர் மாறியதை நேயர்கள் அறிவீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கருங்கல் அறுக்கும் பட்டறைகள்; அங்கே முழங்கையும் தோளும் வலிக்கின்றன. உறுப்பு வேறாயினும் நோயின் இயல்பு பெரும்பாலும் ஒன்றே.

தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதியைத் தசைநாண் என்கிறோம். உள்ளங்காலிலும் அதையொத்த ஒரு பட்டை உண்டு. உழைப்பினால் இவற்றில் நேரும் சிறு சிதைவுகளை உடல் ஓய்வு வேளையில் செப்பனிட்டுக்கொள்கிறது. சிதைவு மிகுந்து ஓய்வு குறைந்தால் இழைகள் ஒழுங்கு குலைகின்றன. குருதியோட்டம் இயல்பிலேயே குறைந்த இடமாதலால், புண் ஆறும் வேலை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

நின்றுபோன அவ்வேலையை மீண்டும் தூண்டுவதே அதிர்ச்சி அலைச் சிகிச்சையின் நோக்கம். இதன் பிறப்பு வேடிக்கையானது. ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சிதைகிறது என்று ஜெர்மனியின் டார்னியர் விமான நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியின் வழியே, 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில், கத்தியின்றிச் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். எலும்பின் மீதும் தசைநாண் மீதும் அவ்வலை வினைபுரிவது பின்னர் தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு குதிகால் வலிக்கு இக்கருவியை ஏற்றது.

'ஷாக்' என்றதும் நம் இளைஞர் மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று அஞ்சினார். இதில் உடலுக்குள் மின்சாரம் செல்வதே இல்லை. செல்வது அழுத்தம் மட்டுமே. சிகிச்சை நிலையங்களில் மிகுதியாகக் காணப்படும் கருவியில், அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு உலோகத் துண்டைக் குழலுக்குள் செலுத்தி முனையில் மோதவைக்கிறது. "இது எங்கள் காற்றுச் சுத்தியல்தானே!" என்றார் அவர். ஏறக்குறைய உண்மைதான். ஓர் அமர்வில் சுமார் 2,000 அடிகள். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள். குதிகாலில் வளர்ந்த முள் இதனால் உடைந்து விழும் என்று பலர் நம்புகிறார்கள். முள் அப்படியே இருக்கும். வலியற்ற பலருடைய காலிலும் அந்த முள் இருக்கிறது.

இது எல்லா வலிக்கும் மருந்தன்று. ஆய்வுகளின் முடிவுகளும் ஒருமுகமாக இல்லை. குதிகாலிலும் தோளில் சுண்ணாம்பு படிந்த நோயிலும் பயன் தெளிவாகத் தெரிகிறது. முழங்கையில் ஐயத்துக்கு இடமுண்டு. கருவுற்ற பெண்களுக்கும், குருதி உறையாமைக் கோளாறு உடையோர்க்கும், புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் இதைச் செய்தல் ஆகாது. ஆதலால் முதலில் மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். நம் இளைஞர் முதலில் நுழைந்த ஓரிடத்தில், காலைப் பார்க்கும் முன்பே பத்து அமர்வுகளுக்குப் பணம் கேட்டார்களாம். நல்லவேளை, அவர் கையில் அவ்வளவு பணம் இல்லை.

பிறகு அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்குப் போனார். சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வோர் அமர்வும் ஒருநாட் கூலியைத் தின்றது. நான்கு வாரம் போய்வந்தும் வலி குறையவில்லை என்று என்னிடம் வந்து வருந்தினார். புதிய இழை உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கூலியை இழந்தவருக்கு அது நினைவில் நிற்குமா? வாசற்படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியும் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் அவர் விடவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு, தாம் நிற்குமிடத்தில் ஒரு ரப்பர் விரிப்பும் போடச் செய்தார்.

மூன்றாம் மாதம் முதலடி குத்தவில்லை. அலையாலா, பயிற்சியாலா, விரிப்பாலா என்று கேட்டேன்.

"மூன்றும்தான் இருக்கும், ஐயா. ஆனால் விரிப்பை மட்டும் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார்.