ஒட்டுப் போர்வை பின்னுவோம்

(தோட்ட மாதர் சந்திப்பொன்றில் ஆற்றிய உரை)



மழைக்காலம் தோட்ட மக்களுக்குச் சோதனைக் காலம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டில்லாத நாளில் வருமானமும் குறைகின்றது. அதே நாட்களில்தான் விடியற்காலைக் குளிர் லயத்து வீடுகளுக்குள் புகுந்து முதியோரையும் சிறுவரையும் வாட்டுகின்றது. அவ்வேளையில் வாசலுக்கு வரும் வியாபாரியிடம் தவணைக்குப் போர்வை வாங்கிவிடுகின்றோம். சில வேளைகளில் போர்வை நைந்து போகின்றது. தவணை மட்டும் நின்று கொண்டிருக்கின்றது.

இதற்கு மாற்று வழி நம் கையிலேயே உண்டு. வெட்டில்லாத அந்த நாட்களிலேயே, கடன்படாமல், வீட்டில் அமர்ந்து போர்வை பின்னிக் கொள்ளலாம். முழுப் போர்வையை ஒரே மூச்சில் பின்ன வேண்டும் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். சிறு சிறு சதுரங்களாகப் பின்னிப் பின்னர் இணைப்பதே ஒட்டுப் போர்வை. அரைமணி நேர ஓய்வும் வீணாகாது. கையளவு மீதமான நூலும் வீணாகாது.

முதலில் நூலைக் கவனிப்போம். பழைய பின்னல் சட்டை ஒன்று வீட்டில் கிடந்தால் அதனைப் பிரித்தெடுக்கலாம். பிரித்த நூலை நாற்காலி முதுகில் வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, அலசி, அடியில் சிறு பளுவைத் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கிவிடும். புதிதாக வாங்குவோர்க்கு நம் நாட்டு வெப்பத்திற்குப் பருத்தி நூல் ஏற்றது. அக்ரிலிக் நூலும் துவைப்பதற்கு எளிது. ஆனால், கம்பளி நூலையும் பருத்தி நூலையும் ஒரே போர்வையில் கலத்தல் ஆகாது. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கும். பருத்தி அவ்வளவு சுருங்காது. போர்வை கோணிப் போகும்.

பின்னல் ஊசி இரண்டு தேவை. நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி நடுத்தர நூலுக்குப் பொருந்தும். மூங்கிலைச் சீவி, பென்சிலின் பாதிப் பருமனுக்குக் கொணர்ந்து, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்தும் ஊசி செய்து கொள்ளலாம்.

இனிப் பின்னும் முறை. அட்டையில் பக்கத்திற்கு 15 சென்டிமீட்டர் உள்ள சதுரம் ஒன்றை வெட்டிக் கொள்ளுங்கள். அதுவே நம் அளவுகோல். ஊசியில் ஒரே ஒரு கண்ணி போட்டுத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முதற்கண்ணியில் இருமுறை பின்னி, ஒரு கண்ணியைக் கூட்டிக் கொள்ள வேண்டும். மற்றக் கண்ணிகள் எல்லாம் நேர்ப் பின்னலே. பின்னல் முக்கோணமாக விரியும். அதன் சாய்ந்த ஓரம் அட்டையின் பக்க அளவை எட்டியதும், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னிக் குறைத்து வர வேண்டும். இறுதியில் ஒரே கண்ணி எஞ்சும்; சதுரமும் முடியும்.

இம்முறையில் கண்ணிகளை எண்ண வேண்டிய தொல்லை இல்லை. நூல் சற்று மெலிந்திருந்தாலும் தடித்திருந்தாலும் அட்டையின் அளவுக்கு வந்தால் போதும். ஆகவே பலர் பின்னிய சதுரங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்.

அகலத்தில் 6, நீளத்தில் 8 என 48 சதுரங்களை இணைத்தால் 90 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சிறுவர் போர்வை கிடைக்கும். பெரியவர்க்கு 8க்கு 12 என 96 சதுரங்கள் வேண்டும். எவ்வளவு நூல் செல்லும் என அறிய, முதற் சதுரத்தைக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையை 48ஆல் பெருக்கிப் பாருங்கள். தேவைக்கு மேல் ஒரு வெள்ளியும் செலவாகாது.

சதுரங்களைப் பாயில் பரப்பி, நிறங்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த பின்னரே தைக்க வேண்டும். மொட்டை முனை ஊசியால் முதலில் வரிசை வரிசையாகவும், பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்றும் இணைக்கலாம். நூல் நுனிகளை உள்ளே செருகிவிட மறத்தல் கூடாது. துவைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் பளுவால் இழுபட்டு நீளும். பாயில் விரித்து உலர்த்துவதே நன்று.

தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை எதனையும் போர்த்தலாகாது. அது முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடக் கூடும். அன்பினால் பின்னியதாயினும் இவ்விதியை மீறுதல் கூடாது.

ஒட்டுப் போர்வையின் பெருமை குளிர் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் மூன்று ஒட்டுப் போர்வைகளைத் தைத்தனர். எத்தல் மல்வனி என்னும் கனடிய மாது அதற்கு வழிகாட்டினார். ஒவ்வொன்றிலும் 66 துணிச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண் தன் பெயரையோ தனக்குரிய அடையாளத்தையோ நூலால் தைத்தாள். அப்போர்வைகள் ஆடவர் கைதிகளின் மருத்துவமனைக்குச் சென்றபோது, மனைவி உயிரோடிருக்கின்றாள் என்பதைக் கணவன் அறிந்துகொள்ள வழி பிறந்தது. அவற்றுள் இரண்டு இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் காக்கப்படுகின்றன. அதே போர்க்காலத்தில், சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட கணவரைப் பற்றிச் செய்தி ஏதுமின்றித் தவித்த நம் தோட்டத்துப் பெண்களை எண்ணும்போது, ஒரு சிறு துணிச் சதுரம் சுமந்த செய்தியின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

இன்று எத்தனையோ இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்து செல்கின்றனர். அவ்வாறு குடிபெயரும் குடும்பத்திற்கு, லயத்துப் பெண்கள் ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி, தத்தம் பெயரின் முதலெழுத்தை ஓரத்தில் தைத்து, ஒரு போர்வையாக்கி வழங்கினால் எப்படியிருக்கும்? அடுக்குமாடி வீட்டில், அண்டை வீட்டார் முகம் அறியாத ஊரில், ஒரு குளிர்ந்த இரவில் அதனை விரிக்கும் தாய் பக்கத்து வீட்டு அக்காளையும் எதிர்வீட்டுப் பாட்டியையும் விரல்களால் தொட்டு அறிவாள் அன்றோ?

ஆகவே, அடுத்த மழை நாளில் ஊசியைக் கையில் எடுப்போம். பின்னத் தெரிந்த பாட்டிமார் முதற் கண்ணியைப் போட்டுக் கொடுக்கட்டும், பேத்திமார் தொடரட்டும்.