மோட்டார்ப் பந்தயத்தில் ஊழும் ஆற்றலும்

வள்ளுவர் ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊழே வலியது என்பார்க்கும் முயற்சியே வலியது என்பார்க்கும் அந்நூலிலே சான்று கிடைக்கும். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் கார்கள் பாயும் மோட்டார்ப் பந்தயக் களத்திலும் இதே வழக்கு ஆண்டுதோறும் எழுகின்றது. உலகச் சாரதிப் பட்டத்தை வெல்பவன் ஆற்றலால் வெல்கின்றானா, அன்றி அதிர்ஷ்டத்தால் வெல்கின்றானா?

பொதுவாகப் பேசினால் இவ்வினாவுக்கு விடை காண்பது அரிது. ஆகவே, ஓர் ஆண்டை மட்டும் எடுத்து ஆராய்வோம். அது 1958ஆம் ஆண்டு. பட்டத்துக்குப் போட்டியிட்டோர் இருவர், இருவரும் ஆங்கிலேயர், இருவரும் 1929ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். ஒருவர் பெராரி அணியின் சாரதி மைக் ஹோதோர்ன். மற்றவர் வான்வோல் அணியின் சாரதி ஸ்டேர்லிங் மொஸ். அவ்வாண்டிலே மொஸ் நான்கு பந்தயங்களில் வெற்றி பெற்றார். ஹோதோர்ன் வென்றது ஒன்றே ஒன்று. எனினும், உலகப் பட்டம் ஹோதோர்னுக்கே கிடைத்தது. அவருக்குப் புள்ளிகள் 42, மொஸ்ஸுக்கு 41.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியப் புள்ளி வழங்கும் விதியை முதலில் அறிதல் வேண்டும். பந்தயத்தில் முதலாவதாக வருபவருக்கு 8 புள்ளிகள். அடுத்து வரும் நால்வருக்கும் முறையே 6, 4, 3, 2 புள்ளிகள். பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓடியவருக்கு மேலும் ஒரு புள்ளி. ஒருவர் எத்தனை பந்தயங்களில் ஓடினாலும், அவற்றுட் சிறந்த ஆறு பேறுகளே கணக்கிற் சேரும். ஆகவே, நான்கு முறை வென்று ஐந்து முறை இடைவழியில் நின்றுவிடுபவரைக் காட்டிலும், ஒரு முறை வென்று ஐந்து முறை இரண்டாம் இடத்தைப் பெறுபவர் முன்னேறிவிடுதல் கூடும். அவ்வாண்டு நடந்ததும் அதுவே.

மொஸ்ஸின் ஆற்றலைப் பற்றி ஐயமில்லை. ஆண்டின் முதற் பந்தயம் ஜனவரியில் ஆர்ஜென்தீனாவில் நடைபெற்றது. வான்வோல் அணி அதிற் கலந்துகொள்ளவில்லை. ஆகவே மொஸ் ஒரு சிறிய கூப்பர் காரை ஓட்டினார். அதன் இயந்திரம் எதிரிகளின் இயந்திரங்களைவிடச் சிறியது. அதன் சக்கரங்களோ ஆணிகளால் இறுக்கப்பட்டவை. நடுவழியில் நிறுத்தி டயர் மாற்றப் புகுந்தால் வெற்றி கைநழுவிவிடும். மொஸ்ஸின் பணியாளர் டயர் மாற்றுவதற்கு ஆயத்தம் செய்வதுபோற் பாவனை செய்தனர். எதிரிகள் அதை நம்பினர். மொஸ் நிற்கவேயில்லை. டயர்கள் தேய்ந்து உள்ளிருக்கும் துணி வெளிப்படும் நிலையிலும், எண்ணெய் படிந்த வழுக்கலான இடங்களைத் தேடி ஓட்டி அவற்றைக் காத்து, மூன்று செக்கனுக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். இதனை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லார்.

அதே மொஸ் மொனாக்கோவிலும் பிரித்தானியாவிலும் இயந்திரம் பழுதுபட்டு நின்றார். ஜேர்மனியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது மின்பொறி தரும் கருவி செயலற்றது. இத்தாலியிற் பற்சக்கரப் பெட்டி கெட்டது. பெல்ஜியத்தில் முதற் சுற்றிலேயே பற்சக்கரத்தைத் தவறவிட்டு இயந்திரத்தைச் சிதைத்தார். அது மட்டும் அவருடைய பிழை. ஏனைய நான்கும் சாரதியின் கையை மீறியவை. ஹோதோர்ன் வெறும் அதிர்ஷ்டசாலி என்றும் சொல்லிவிட முடியாது. அவ்வாண்டில் ஐந்து பந்தயங்களில் அதிவேகச் சுற்றை ஓடியவர் அவரே.

இனி, அவ்வாண்டின் திருப்புமுனையாகிய போர்த்துக்கல் பந்தயத்துக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு ஓகஸ்டு 24ஆம் நாள், ஒப்போர்ட்டோ நகரத்துத் தெருக்களில் அது நடைபெற்றது. மொஸ் ஐந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் முதலாவதாக வந்தார். பந்தயத்தின்போது அவருடைய அணியினர் பலகையொன்றைக் காட்டினர். அதிவேகச் சுற்றை ஹோதோர்ன் ஓடிவிட்டார் என்பதே அதன் பொருள். மொஸ் அதனைப் பிழையாக விளங்கிக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமல் ஓட்டினார். அந்த ஒரு புள்ளி ஹோதோர்னுக்குச் சென்றது. மொஸ் அதனைத் தமதாக்கியிருந்தால் ஆண்டு முடிவில் அவருக்கு 42, ஹோதோர்னுக்கு 41 என்று கணக்கு மாறியிருக்கும். ஓர் எழுத்தை மாற்றி வாசித்ததனால் உலகப் பட்டமே கைமாறிற்று.

ஆனால், அன்று நடந்தது அவ்வளவில் முடியவில்லை. பந்தய முடிவில் ஹோதோர்னின் கார் சறுக்கி, இயந்திரம் நின்றுபோயிற்று. அவர் காரை நடைபாதையிலே தள்ளி, சரிவில் உருளவிட்டு, இயந்திரத்தை மீண்டும் கிளப்பி இரண்டாமிடத்தைக் காத்துக்கொண்டார். பந்தயம் செல்லும் திசைக்கு எதிராகக் காரைச் செலுத்தினார் என்று அவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அது நிரூபிக்கப்பட்டால் அவர் பெற்ற 7 புள்ளிகளும் பறிபோகும்.

அவ்வேளையில் அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் யார்? பட்டத்துக்கு அவருடன் போட்டியிட்ட மொஸ்ஸே. ஹோதோர்ன் ஓடுபாதையில் அல்ல, நடைபாதையிலேதான் காரைத் தள்ளினார் என்றும், ஆகவே விதியை மீறவில்லை என்றும் நடுவர்களுக்கு எடுத்துரைத்தார். நடுவர்களும் அதனை ஏற்றுக்கொண்டனர். அந்த ஏழு புள்ளிகள் நீக்கப்பட்டிருந்தால், விதிப்படி ஹோதோர்னின் அடுத்த சிறந்த பேறாகிய நான்கு புள்ளிகளே கணக்கிற் சேர்ந்து, மொத்தம் 39 ஆகியிருக்கும். மொஸ் வாய் திறவாதிருந்தாற்கூடப் பட்டம் அவரைத் தேடி வந்திருக்கும்.

இறுதிப் பந்தயம் ஒக்டோபர் 19ஆம் நாள் மொறொக்கோ நாட்டின் கசபிளாங்கா நகரில் நடந்தது. மொஸ் வெற்றியும் பெற்று, அதிவேகச் சுற்றையும் ஓடினார். அவர் செய்யக்கூடியதில் எதுவும் குறையவில்லை. ஹோதோர்னுக்கு இரண்டாமிடம் வேண்டியிருந்தது. அவருடைய அணித்தோழர் பில் ஹில் முன்னே ஓடியவர், வேகத்தைத் தளர்த்தி வழிவிட்டார். பட்டம் முடிவாயிற்று. அதே பந்தயத்தில் மொஸ்ஸின் அணித்தோழர் ஸ்டுவர்ட் லூயிஸ் எவன்ஸின் கார் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. ஆறு நாட்களின் பின் அவர் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே ஹோதோர்னின் தோழர்களான லூயிஜி முஸோவும் பீற்றர் கொலின்ஸும் களத்தில் மாண்டிருந்தனர். புதிய உலகச் சாம்பியன் பந்தயத்திலிருந்து விலகினார். 1959 ஜனவரி 22ஆம் நாள், இங்கிலாந்தில் கில்ட்போர்டுக்கு அருகே பொதுவீதியிலே தமது சொந்தக் காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. பட்டம் பெற்றவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்வதா? பட்டத்தை இழந்த மொஸ்ஸோ 2020ஆம் ஆண்டு வரை, தொண்ணூறு வயது வாழ்ந்தார்.

ஆற்றலின் பக்கத்திலும் வலுவான சான்று உண்டு. ஆர்ஜென்தீனாவின் ஹுவான் மனுவேல் பாஞ்சியோ ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றார். ஒரு முறை பெற்றால் அதிர்ஷ்டம் எனலாம். நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் கார்களில் ஐந்து முறை பெற்றதை அவ்வாறு கூறலாகாது. 1957இல் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் களத்தில், டயர் மாற்ற நின்று பின்தங்கிய அவர், சுற்றுக்குச் சுற்று வேகச் சாதனையை முறியடித்து, ஹோதோர்னையும் கொலின்ஸையும் கடந்து வென்றார். எனினும், 1956ஆம் ஆண்டுப் பட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். இத்தாலியப் பந்தயத்தில் அவருடைய கார் பழுதுபட்டபோது, பட்டத்துக்குத் தாமும் போட்டியிட்டுக்கொண்டிருந்த அதே கொலின்ஸ், தமது காரை மனமுவந்து அவருக்குக் கொடுத்தார். பாஞ்சியோ பட்டம் பெற்றார். அவ்வாண்டு இரண்டாமிடத்தில் நின்றவர் மொஸ்.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பட்டத்துக்கு அருகிற் செல்ல ஆற்றல் இன்றியமையாதது. ஆற்றலற்றவனை எந்த அதிர்ஷ்டமும் அங்கே கொண்டுசெல்லாது. ஆனால், பத்துப் பதினொரு பந்தயங்களே உள்ள ஓர் ஆண்டில், ஒரு கருவி பழுதுபடுவதும் ஒரு பலகையைப் பிழையாக வாசிப்பதும் முடிவை மாற்றப் போதுமானவை. ஆண்டுகள் பல செல்லச் செல்லவே ஆற்றலின் உண்மை அளவு தெரியவரும். மொஸ் 1955 முதல் 1958 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இரண்டாமிடத்தைப் பெற்றார். அதன்பின் மூன்று ஆண்டுகள் மூன்றாமிடத்தைப் பெற்றார். 1962இல் குட்வூட் களத்தில் நேர்ந்த விபத்தோடு அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது. உலகப் பட்டத்துக்கான 66 பந்தயங்களில் 16இல் வென்ற அவரை, பட்டம் பெறாத சாரதிகளுள் தலைசிறந்தவர் என்றே உலகம் போற்றுகின்றது.

ஒப்போர்ட்டோவில் நடுவர்களின் முன்னே மொஸ் நின்ற அந்தச் சில நிமிடங்களில், ஊழ் அவரைத் தடுக்கவில்லை. ஆற்றலும் அங்கே வேண்டியிருக்கவில்லை. பேசுவதா, வாளாவிருப்பதா என்பது முற்றிலும் அவர் கையிலேயே இருந்தது. அவர் பேசினார். அதன் விலை ஓர் உலகப் பட்டம் என்பது இரு மாதங்களின் பின் கசபிளாங்காவிலே தெரியவந்தது.