கோட்டைக்குள் யாருடைய வரலாறு?



புனித ஜார்ஜ் கோட்டை என்றதும் நமக்குச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும்தான் நினைவுக்கு வரும். அதே கோட்டைக்குள் 1795-இல் கட்டி முடித்த கட்டடம் ஒன்று இருக்கிறது. முதலில் வணிகர்கள் கூடிய இடம். பிறகு படை அதிகாரிகளின் உணவுக்கூடம். 1948 முதல் அருங்காட்சியகம். உள்ளே கார்ன்வாலிஸ் சிலை, ஆளுநர்களின் ஓவியங்கள், வாள்கள், துப்பாக்கிகள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஆளுநர்களுக்குச் சமைத்தவர் யார்? துப்பாக்கி தூக்கியவர் யார்? மலம் அள்ளியவர் யார்?

"வெள்ளைக்காரன் கோட்டையை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அது குற்றம் நடந்த இடம், அதனால்தான் பாதுகாக்க வேண்டும் என்கிறேன். இடித்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

இங்கே நிறவெறியும் சாதியும் கைகோத்து ஒரு நகரத்தைப் பிரித்தன. மதிலுக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம், அதையும் தாண்டிச் சேரி. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. மதராஸ் படையில், குறிப்பாகச் சாப்பர்ஸ் பிரிவில், பறையர் சமூகத்தவர் ஏராளமாகப் பணியாற்றினார்கள். கிராமத்தில் செருப்புப் போட முடியாதவர், படையில் பூட்ஸ் போட்டு நடந்தார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். அம்பேத்கர் 1891-இல் பிறந்ததே மாவ் படைமுகாமில். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று சொல்லி மகர்களுக்கு ஆங்கிலேயர் படைக் கதவைச் சாத்தினார்கள். ஓய்வுபெற்ற மகர் சிப்பாய் கோபால் பாபா வலங்கர் போன்றவர்கள் மனு எழுதிப் போராடினார்கள். வெள்ளையர் நமக்கு விடுதலை தரவில்லை. தேவைப்பட்டபோது எடுத்தார்கள், தேவை தீர்ந்ததும் தள்ளினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. சிப்பாய்கள், சமையல்காரர்கள், ஆயாக்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு முழு அறை வேண்டும். அடிமை வணிகத்தையும் நகரம் பிரிக்கப்பட்ட வரைபடத்தையும் ஒளிக்காமல், எளிய தமிழில் விளக்கி வைக்க வேண்டும். படையில் இருந்தவர்களின் குடும்பங்களிடம் உள்ள பதக்கங்களையும் புகைப்படங்களையும் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பதக்கம் ஒன்று கிடக்கலாம். இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால், ஆளுநரின் ஓவியம் மட்டும்தான் மிஞ்சும்.

ஜெய்பீம்.