சேவைக்கும் கணக்கு உண்டு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சமூகத் தொழில்முனைவு" என்ற சொல் இப்போது கல்லூரிப் பாடத்திலேயே வருகிறது. "அது டிரஸ்டா, கம்பெனியா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கும் இன்று நம் கூட்டத்தில் இருக்கும் தையல் மெஷின் தீர்மானத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பி.காம். படித்தவன், வங்கியில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த பாஷை வரவு செலவுதான். அதிலேயே சொல்கிறேன். தொண்டு நிறுவனத்துக்கு வரவு, நன்கொடை. நன்கொடை நின்றால் வேலையும் நின்றுவிடும். கம்பெனிக்கு வரவு, விற்பனை. மிஞ்சும் லாபம் பங்குதாரருக்குப் போகும். சமூகத் தொழில்முனைவில் வரவின் பெரும்பகுதி விற்பனையிலிருந்தோ கட்டணத்திலிருந்தோ வரும். ஆனால் தொழில் தொடங்கியதே மக்களின் ஒரு கஷ்டத்தைத் தீர்க்கத்தான். மிஞ்சும் பணமும் அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவே திரும்பப் போகும். அமெரிக்காவில் பில் டிரேட்டன் என்பவர் 1980-ல் தொடங்கிய அமைப்புதான் இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது. அந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர் "அசோகா". நம் நாட்டுப் பேரரசரின் பெயர்தான்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். 2003-ல் அங்கே வந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் எத்தனையோ பேர் அங்கே கண்புரை அறுவை செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

அதன் தொடக்கம் மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகியவர். 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். தம்பி தங்கைகளும் அவர்கள் குடும்பத்தாரும் கூட நின்றார்கள். பணத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார்கள். அவர் ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். நம் ஊரில் வாழ்ந்த மகானின் பெயர் மதுரை மருத்துவமனைக்கு வந்தது அப்படித்தான்.

"இலவசமாகப் பார்த்தால் எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று கேட்பீர்கள். அறுவைக் கூடம், மைக்ராஸ்கோப், மின்சாரம், சம்பளம் எல்லாம் நிலையான செலவு. ஒரு நாளைக்கு 5 பேருக்குச் செய்தாலும் 50 பேருக்குச் செய்தாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணிக்கை கூடக் கூட, தலைக்கு விழும் செலவு குறையும். அதனால் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை போட்டார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. மற்ற வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குச் சம்பளமும் வந்தது.

அடுத்தது கட்டணம். பணம் கட்டுவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. அறையில் வசதி கூடும், குறையும். மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பவர்கள்தான். முகாம் மூலம் வருகிறவர்களின் அறுவைக்கு அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்தும் ஒரு தொகை வருகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மொத்த பாரத்தைத் தாங்குவது கட்டணம் கட்டுகிறவர்களின் பணம்தான்.

ஒரு கட்டத்தில் லென்ஸ் விலை குறுக்கே வந்தது. அந்தக் காலத்தில் கண்புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரும்போது சுமார் 100 டாலர். ஏழைக்கு எப்படி வைப்பது? 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கி, தாங்களே செய்தார்கள். விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இன்று அங்கே செய்யும் பொருள்கள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. நன்கொடையாக லென்ஸ் கேட்டு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

அப்படியானால் ஏழைக்கு விற்பதெல்லாம் சமூகத் தொழில்முனைவா? இல்லை. இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அரவிந்த் தொடங்கிய அதே 1976-ல் வங்கதேசத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ், ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குத் தன் கைக்காசிலிருந்து கடன் கொடுத்தார். மொத்தமே 27 டாலர்தான். அது 1983-ல் கிராமீன் வங்கி ஆனது. 2006-ல் அவருக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அங்கேயும் வட்டி உண்டு. ஆனால் வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்கிய பெண்களிடமே இருந்தது.

அதே குழுக்கடன் முறையை நம் நாட்டில் வேறு விதமாகவும் நடத்திப் பார்த்தார்கள். 2010-ல் பெரிய நுண்கடன் நிறுவனம் ஒன்று பங்குச் சந்தைக்கே போனது. அதே ஆண்டு அக்டோபரில், வசூல் கெடுபிடியும் தற்கொலைகளும் பெரிய புகாராகி, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஏழைப் பெண்கள், ஐந்து பேர் குழு, வாரத் தவணை என்று வெளித்தோற்றம் ஒன்றுதான். லாபம் போய்ச் சேரும் இடம் வேறு. வில்லியனூரிலும் பாகூரிலும் குழுக்கடன் இல்லாத தெரு குறைவு. அதனால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா நல்ல காரியத்தையும் தொழிலாக்க முடியாது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரை மையமாக வைத்து நம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தவளக்குப்பத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், சுனாமி பற்றித் தெரிந்து போன் செய்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரே வெளியேறித் தப்பித்தது. அந்த அறிவிப்புக்கு யாரிடம் கட்டணம் வாங்குவது? அப்படிப்பட்ட வேலையை அரசும் நன்கொடையும்தான் தாங்க வேண்டும். எதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிந்திருப்பதே முக்கியம்.

இனி நம் தீர்மானத்துக்கு வருகிறேன். பெண்களுக்குத் தையல் மெஷின் வாங்கித் தர நன்கொடை திரட்டலாம் என்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் விழா வைத்து, போட்டோ எடுத்து, கொடுத்த மெஷின்கள் ஆறு மாதத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறியதை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கிறோம். வாங்கிய பெண்கள் மேல் குற்றமில்லை. தைத்ததை வாங்க ஆள் இல்லை, ஊசி உடைந்தால் பணம் இல்லை.

ஆகவே கமிட்டி நான்கு கேள்விக்குப் பதில் எழுதி வைக்கட்டும். முதலாவது, இது யாருடைய தேவை? அந்தப் பெண்களைக் கேட்டோமா? இரண்டாவது, தைத்ததை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? நம் சங்கத்துக் குடும்பங்களின் பள்ளிச் சீருடையும் பிளவுஸும் பால்ஸும் அங்கே போகுமா? மூன்றாவது, கூலி, நூல், ரிப்பேர் போக மாதம் என்ன மிஞ்சும்? அது யார் கையில் இருக்கும்? நான்காவது, ஒரு வருடம் கழித்து எதை எண்ணிப் பார்ப்போம்? கொடுத்த மெஷினையா, ஓடும் மெஷினையா?

பதில் சரியாக வந்தால் நாம் கொடுக்கும் பணத்தை நன்கொடை என்று எழுத வேண்டாம், முதலீடு என்றே எழுதலாம். பத்து மெஷினுக்குப் பதில் மூன்றோடு தொடங்கலாம். மிஞ்சும் பணத்தில் நான்காவதை அந்தப் பெண்களே வாங்கட்டும். அன்றைக்கு அவர்கள் நம்மிடம் கை நீட்ட வேண்டியதில்லை, நமக்கு நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. அதுதான் நம் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம்.

கணக்குப் புத்தகம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அளவு எடுக்கவும் விலை பேசவும் கடை பிடிக்கவும் இங்கிருக்கும் தம்பி தங்கைகள் முன்வர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.