முதற் பழந்துப்பாக்கி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்காவில் நிலைத்து வாழும் நம் இளைஞர் ஒருவர், பழைய கைத்துப்பாக்கி ஒன்றை அருங்காட்சிப் பொருளாக வாங்கி வைக்க விரும்பி, அதற்கு வழி கேட்டு எழுதிய கடிதம் சென்ற கூட்டத்தில் படிக்கப்பெற்றது. சிலர் நகைத்தனர், சிலர் அஞ்சினர். அந்நாட்டிற் பல ஆண்டு தங்கி, இவ்வாசையாற் பொருளிழந்து, பின்னர்ச் சிறிது அறிவும் பெற்றோம் நாம் ஆதலின், இன்று பேசுமாறு பணிக்கப்பெற்றோம்.

அவர் விரும்புவது ரிம்பயர் வகை. தோட்டாவின் அடி விளிம்பிலேயே வெடிமருந்தைத் தூண்டும் பொருள் அடங்கியிருக்கும். ஊசி அவ்விளிம்பைத் தாக்கியதும் வெடிக்கும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1857-இல் வெளியிட்ட சுழல் துப்பாக்கி இவ்வகைத் தோட்டாவையே கொண்டது. அத்தகைய மிகப் பழையனவற்றை முதலில் நாடவேண்டா என்போம். 1887-இல் தோன்றிய .22 லாங் ரைபிள் தோட்டா இன்றும் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அதற்கென அமைந்த துப்பாக்கியே தொடக்கத்திற்கு ஏற்றது.

அவற்றுள் கோல்ட் கம்பெனியாரின் உட்ஸ்மன் நம் மனத்தைக் கவர்ந்தது. ஜான் பிரவுனிங் என்னும் பெருந்தச்சர் வகுத்த இது, 1915 முதல் 1977 வரை செய்யப்பெற்றது. உட்ஸ்மன் என்ற பெயர் 1927-இல்தான் வந்தது. 1949-இல் ரூகர் கம்பெனியார் தம் முதற் கைத்துப்பாக்கியை முப்பத்தேழரை டாலருக்கு விற்றனர். கைச்செலவு சுருக்க வேண்டுவோர் பழைய ரூகரை நாடுதலும் தகும்.

நாம் ஏமாந்த கதையைச் சொல்லவேண்டும். ஒரு கடையில் கருநீலமாய் மின்னிய உட்ஸ்மன் ஒன்றைக் கண்டோம். எழுபதாண்டு கடந்தும் புதுமை குன்றவில்லையே என வியந்து, விலை பேசாமலே கொடுத்து வாங்கினோம். பழந்துப்பாக்கி சேர்க்கும் முதியவர் ஒருவர் அதனை விளக்கருகில் ஒருமுறை திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார். பின்னர், குழலில் வெட்டிய எழுத்துக்களின் ஓரம் மழுங்கியிருந்ததையும், கூர்மையாய் இருக்கவேண்டிய விளிம்புகள் உருண்டிருந்ததையும், திருகுத் துளையைச் சுற்றி உலோகம் குழிந்திருந்ததையும் காட்டினார். யாரோ அதனைத் தேய்த்து மெருகிட்டு, மீண்டும் நீலமேற்றியிருந்தனர். மினுக்கியதாற் கெட்ட பொருளுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலை மிகக் குறைவு. விற்கும்போது நமக்குக் கொடுத்ததிற் பாதியும் கிட்டவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. நாம்தாம் ஒன்றும் கேட்கவில்லை!

அடுத்து வாங்கியது உறையுள் உரைந்து குழல் நுனி வெளுத்தது. கைப்பிடியிற் கீறல்களும் இருந்தன. ஆனால் எழுத்துக்கள் நேற்று வெட்டியன போல் நின்றன. அதனையே பெரிதும் போற்றினோம்.

உயிரோடு தொடர்புற்ற செய்தி ஒன்றுண்டு. 1930-ஐ ஒட்டி அதிவேகத் தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. அதற்கு முன் செய்த உட்ஸ்மன்கள் அவ்வேகத்தைத் தாங்கப் படைக்கப்பெற்றன அல்ல. 1932-ஐ ஒட்டியே கம்பெனியார் உறுப்பை வலுப்படுத்தினர். கைப்பிடியின் பின்புறம், உள்ளங்கை பொருந்தும் எஃகுத் துண்டைக் காண்க. அதிற் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கீற்றுகள் இருப்பின் பழையது. கிடைக்கோடுகள் மட்டும் இருப்பின் புதியது. பழையதற்குச் சாதாரண வேகத் தோட்டாவே இடுக. தோட்டா இன்றி விசையை இழுத்து விளையாடுதலும் கூடாது. ஊசி, தோட்டா அறையின் விளிம்பை மோதிச் சிதைக்கும். தோட்டாப்பெட்டியைக் கழற்றியதும் துப்பாக்கி வெறுமை என்று எண்ணற்க. அறையில் ஒன்று தங்கியிருக்கலாம். கண்ணாலும் விரலாலும் நோக்குக. குழந்தைகள் உள்ள இல்லத்திற் பூட்டிய இரும்புப் பெட்டியின்றி வாங்கவே வேண்டா.

சட்டத்தையும் சொல்வோம். தற்காலிக விசாவிற் சென்றோர்க்கு அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் துப்பாக்கியைத் தடுக்கிறது. நிரந்தரமாய்த் தங்கும் உரிமை பெற்றோர்க்கு அத்தடை இல்லை. ஐம்பதாண்டு கடந்து, மாற்றப்படாதிருப்பவற்றைச் சேர்ப்போர்க்கென மூவாண்டுக்கு முப்பது டாலர் கட்டணத்தில் தனி உரிமம் உண்டு. மாநிலந்தோறும் விதி வேறுபடும். உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே முதற் கொள்முதல் நிகழட்டும். வரிசை எண் சுரண்டப்பட்டிருப்பின், தொடவும் வேண்டா, அது குற்றம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி வைத்தலாகாது. ஆதலின், நாம் திரும்பியபோது அந்த உட்ஸ்மனை அங்குள்ள வணிகரிடமே விற்றுவந்தோம். அவர் அதனைத் துணியாற் சுற்றும் முன் ஒருமுறை வாங்கிப் பார்த்தோம். குழல் நுனியின் வெளுப்பு எவ்வளவு நீளம் என்பதை இன்றும் விரலால் அளந்து காட்டுவோம்.