வேட்டை நாயும் வனச் சட்டமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் அய்யனார் கோயிலுக்கும் கருப்பசாமி கோயிலுக்கும் செல்வோர் ஓங்கி நிற்கும் குதிரையைக் கண்டு வியப்பர். அக்குதிரையின் காலடியில் நிற்கும் நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நள்ளிரவில் ஊரைச் சுற்றிக் காவல் வரும் கருப்பனுக்கு முன்னே நாய் ஓடுகிறது என்பது ஊராரின் நம்பிக்கை. நாயை மதித்தது நாட்டார் மரபு மட்டுமன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயர் அக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் பொறிக்கப்படாமல் மாண்ட மனிதர் எத்தனையோ பேர் உளர்! சங்கச் செய்யுட்கள் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாயைப் பாடின. திண்ணனாரின் கன்னி வேட்டையை விரித்துரைத்த சேக்கிழார், வேடரோடு நாய்களையும் உடன் ஓடவிட்டார்.

இத்துணைச் சிறப்புக்குரிய அந்நாய் இன்று எங்கே ஓடலாம்? அதனை வாரில் பிடித்து நிற்பவர் சட்டத்தின்முன் யார்? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

தென்பாண்டிச் சீமையின் நாயினங்களுள் பெரும்பாலானவை ஊர்ப்பெயர் தாங்கியவை. சிப்பிப்பாறையும் இராசபாளையமும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். கோம்பை தேனி மாவட்டத்தில் மேற்குமலை அடிவாரத்தில் உள்ளது. கன்னி மட்டும் ஊர்ப்பெயர் அன்று. மணமாகிச் செல்லும் கன்னிப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதால் வந்த பெயர் என்பர். சொல்லாராய்ச்சியாளர் இவ்விளக்கத்தை ஏற்பாரா என்பது வேறு செய்தி. ஆயினும் நகைக்கும் மாட்டுக்கும் இணையாக நாயும் சீர்வரிசையில் வைத்து எண்ணப்பட்டது என்று ஊரார் நினைவில் நிற்பது கருதத்தக்கது. இராசபாளையம் பெரும்பாலும் காவலுக்கும், கோம்பை பன்றி வேட்டைக்கும், சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கும் பெயர்பெற்றவை.

முயல் வேட்டைக்குரிய இவ்விரண்டும் மோப்பத்தை நம்பாமல் பார்வையால் துரத்துபவை. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, சதையற்ற நெடுங்கால் என அவற்றின் உடம்பு முழுவதும் ஓட்டத்திற்கென்றே அமைந்தது. திருமங்கலத்திற்குத் தெற்கே, கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கங்களில், அறுவடை முடிந்து வெறிச்சோடிய கரிசல் வெளியைக் கண்டவர்க்கே அவ்வுடம்பின் பொருள் விளங்கும். நம் நாட்டு முயல் வளை தோண்டி வாழ்வதன்று. புதரடியில் சிறு பள்ளம் ஒன்றில் உடம்பைப் பதித்துக் கிடக்கும். ஆள் காலால் மிதிக்கும் அளவுக்கு நெருங்கினாலன்றி அசையாது. எழுந்துவிட்டால் நேரே ஓடாது. வெட்டி வெட்டித் திரும்பும். அத்திருப்பத்திற்கு ஈடுகொடுக்க வல்ல நாயையே வளர்ப்போர் குட்டி ஈன விட்டனர். அவ்வகையில் கன்னியின் உருவத்தைச் செதுக்கியதில் பாதிப் பங்கு முயலுக்கு உண்டு எனலாம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1972ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை. முயல் முதலியன சிறு வேட்டை விலங்குகள் என ஓர் அட்டவணையில் வைக்கப்பட்டன; உரிமம் பெற்று அவற்றை வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கதவை அடைத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை என்னும் சொல்லுக்கே பொருளை விரித்தது. கொல்லுதல், நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பிடித்தல் ஆகியவற்றோடு, நாயை ஏவித் துரத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்விளக்கத்தில் இடம்பெற்றது. இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. ஆகவே, முயல் தப்பி ஓடிவிட்டது, நாய் வெறுவாயோடு திரும்பியது என்று சொல்வது தற்காப்பு ஆகாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கி அடுக்கியபோதும் முயலுக்குரிய காப்பு நீங்கவில்லை. பொதுநிலைத் தண்டனை மூன்றாண்டு வரை சிறை அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். சரணாலயத்திற்குள் வேட்டையாடினாலோ, முதல் அட்டவணையில் உள்ள உடும்பு, மயில், எறும்புதின்னி ஆகியவற்றைத் தொட்டாலோ, சிறை மூன்றாண்டுக்குக் குறையாது. ஏழாண்டு வரை நீளும்.

நாய் வளர்ப்போர் பலர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் போனால்தான் குற்றம், பட்டா நிலத்தில் குற்றமில்லை என்பது அவ்வெண்ணம். எல்லைக்கல்லுக்கு அப்பால் வனத்துறை, இப்பால் தன் உரிமை என்பது உழவனுக்கு இயல்பாகத் தோன்றும் கணக்கு. அமெரிக்க நாட்டில் அக்கணக்கு ஓரளவு செல்லும். அங்கே மாநில அரசின் வனவிலங்கு நிலங்கள் தனியே வரையறுக்கப்பட்டு, எந்த நிலத்தில், எந்தத் திங்களில், எந்த விலங்கின் பின்னே நாயை அவிழ்த்துவிடலாம் என விதிகள் எழுதப்பட்டுள்ளன. உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாயோடு போகிறவர்கள் அவர்கள். இந்தியச் சட்டம் அவ்வாறன்று. அது நிலத்தைப் பாராமல் விலங்கைத் தொடர்கிறது. காப்புக்காட்டில் இருந்தாலும், கண்மாய்க்கரைப் புறம்போக்கில் இருந்தாலும், சொந்தப் பருத்திக் கொல்லையில் இருந்தாலும் முயல் அதே முயல்தான். அது நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியதும் அன்று.

அவ்வாறாயின் நிலத்தின் வகைக்கு வேலையே இல்லையா எனின், உண்டு. அது குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைதலும் வேட்டையாடுதலும் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தாலும் தடுக்கப்பட்டவை. மதுரை மாவட்டத்துச் சாப்டூர்க் காடு 1988இல் நரை அணில் சரணாலயத்தில் சேர்ந்தது. அச்சரணாலயம் 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம் 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கருப்பன் காலத்திலிருந்து நாய் நடந்த அதே தடம், ஒரு தலைமுறைக்குள் மூன்று நான்கு பெயர்களைப் பெற்றுவிட்டது. ஐந்திணை வகுத்தவர்கள்கூட இத்தனை விரைவாக நிலத்துக்குப் பெயர் மாற்றியதில்லை.

காட்டுப்பன்றியின் செய்தி இன்னும் நுட்பமானது. 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல். மூன்றுக்கு அப்பால் சுடுதல். சுடுபவரும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே. கடலையையும் மக்காச்சோளத்தையும் ஒரே இரவில் இழந்த உழவன் இதனைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் தாத்தன் வளர்த்த கோம்பை நாய்க்கு இம்முறையில் இடமில்லை. அந்நாயின் இயல்பான தொழிலே இன்று குற்றமாக நிற்பதை அவன் வியப்போடு பார்ப்பதில் பிழையில்லை.

மாசி, பங்குனித் திங்களில் மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் மாவட்டத்துச் சில ஊர்களில் சாமிக்கென்று பாரி வேட்டை போகும் வழக்கம் உண்டு. ஊர் முழுவதும் கம்போடும் வலையோடும் நாய்களோடும் புறப்படும். கிடைத்ததைப் பங்கிட்டுச் சமைத்தால்தான் மழை பெய்யும், நோய் அணுகாது என்பது நம்பிக்கை. வனத்துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. சிக்கியோர்க்குத் தண்டம் விதிக்கிறது. தண்டத்தையும் ஊர்ப்பொதுவில் வரி பிரித்துக் கட்டிவிடலாம் என்று எண்ணும் ஊரில், சட்டம் திருவிழாச் செலவின் ஓர் இனமாகிவிடும்.

இவ்விடத்தில் ஏறுதழுவுதலை எடுத்துக்காட்டுவோர் உளர். 2014இல் உச்சநீதிமன்றம் தடுத்தது, 2017இல் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மக்கள் திரண்டனர், சட்டம் திருந்தியது, 2023இல் உச்சநீதிமன்றமே அத்திருத்தத்தை ஏற்றது. காளைக்கு நேர்ந்தது நாய்க்கு நேராதா என்று கேட்கின்றனர். நேராது, நேரவும் கூடாது. காளை ஊரின் பிள்ளை. பருத்திக்கொட்டை தின்று, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, களம் கண்டு, மாலையில் தொழுவத்திற்குத் திரும்புகிறது. முயலுக்குத் தொழுவமும் இல்லை, அதன் சார்பில் திரளும் கூட்டமும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது காளைக்கும் பெருமை சேர்ப்பதன்று.

ஆயினும் முயலின் அழிவை நாயின்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளைக் கற்குவாரிகள் குடைந்தெடுத்த கதையை 2012க்குப் பிறகு நாடறியும். மேய்ச்சல் புறம்போக்கு வீட்டுமனையாயிற்று. கண்மாய்க்குள்ளும் கரிசலிலும் சீமைக் கருவேலம் அடைத்தது. நான்குவழிச் சாலையில் இரவில் ஓடும் ஊர்திகள் எதிர்ப்பட்ட உயிரையெல்லாம் நசுக்கிச் செல்கின்றன. இவற்றுள் எதனையும் வேட்டை என்று சட்டம் சொல்வதில்லை. வாரில் நாயோடு நிற்பவனைப் பிடிப்பது எளிது. வெளியைத் தின்றவர்களைப் பிடிப்பது அத்துணை எளிதன்று. நெற்றிவிளக்கும் நாட்டுத் துப்பாக்கியும் கொண்டு இரவில் விலைக்குக் கொல்பவனையும், பகலில் நாயோடு நடப்பவனையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, இரண்டாமவன் முதலாமவனோடு சேர்ந்துகொள்கிறான் என்பதையும் அதிகாரிகள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாயை வளர்ப்பது குற்றமன்று. அரசே அதனைப் போற்றுகிறது. சென்னைச் சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நெடுங்காலம் நாட்டு இனங்களைப் பேணியது. 2005இல் இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 2020இல் தலைமை அமைச்சர் வானொலி உரையில் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டினால் இனம் நிற்குமா? மதுரை நகரத்து மாடிவீடுகளில் கம்பிக்கதவுக்குப் பின்னே சோறு தின்று பருத்துக் கிடக்கும் கன்னியைப் பார்த்தவர், அது கன்னிதானா என்று ஐயுறுவர். கண்காட்சிக்காக மட்டும் வளர்க்கும்போது நிறமும் காதும் வாலும் நிற்கும். திரும்பும் முதுகு நிற்காது. இராசபாளையத்தில் வெண்மையை மட்டுமே விரும்பி வளர்த்ததன் விளைவாகக் காது கேளாக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் அறிவர்.

இங்கிலாந்தும் வேல்சும் 2004இல் சட்டமியற்றி, 2005 முதல் நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடுத்தன. முயலின் பின்னே நாய்களை ஓடவிட்டுப் போட்டி நடத்துவதும் அத்தடையில் அடங்கும். அதனோடு அந்நாட்டு ஓட்ட நாய்கள் அழிந்துவிடவில்லை. கயிற்றில் கட்டிய துணித்துண்டைப் பொறியால் இழுத்து, முயலைப்போலவே வளைத்து வளைத்து ஓட்டி, அதன் பின்னே நாய்களை விடும் விளையாட்டு மேலை நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. பார்வையால் துரத்தும் நாய்க்கு முன்னே ஓடுவது துணியா முயலா என்னும் வேறுபாடு பெரிதன்று; ஓடுவது ஒன்று வேண்டும், அவ்வளவே. அறுவடை முடிந்த ஒரு பத்து ஏக்கர் கரிசல், ஒரு பழைய மோட்டார், ஒரு நீண்ட கயிறு ஆகியவையே இதற்குத் தேவை. இவற்றைத் தேடித்தரக் கால்நடைத் துறைக்கு இயலாதா? நாயை வருத்தாமலும், சூதாட்டம் புகாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வளர்ப்போர் சங்கங்களே ஏற்கலாம்.

சாப்டூர்க் காட்டோரத்து ஊர்களுக்கு மற்றொரு செய்தியும் உண்டு. நாயின் வாயைவிட நாயின் நோய் காட்டுக்குக் கொடியது. 2018இல் கிர்க் காட்டுச் சிங்கங்கள் நாய்களைத் தாக்கும் நச்சுயிரி நோயினால் மாண்டன. காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடச் சட்டமே வழிசெய்கிறது. வீட்டுக்கு இரண்டென நிற்கும் நாய்களையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். மாசி பிறக்குமுன் எச்சரிக்கைத் தாளோடு வரும் வனக்காவலர், ஒரு கால்நடை மருத்துவரையும் ஊசிப் பெட்டியையும் உடன் அழைத்து வந்தால், ஊர்ச் சாவடியில் அவருக்கு உட்காரப் பாய் விரிக்கப்படும். பட்டா நிலமானாலும் முயலைத் துரத்தல் குற்றம் என்பதை அங்கே அமர்ந்து அவர் எடுத்துச் சொல்லலாம்.